வரப்பில் பேசிய கமிஷன்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருமுனைக் காலிமனையில் போன மாதம் ஒரு பலகை நட்டார்கள். ‘நேரடி விற்பனை. புரோக்கர்கள் அணுக வேண்டாம்’ என்று சிவப்பில் எழுதி, கீழே ஒரு செல் நம்பர். சும்மா இருக்க முடியாமல் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இடம் பேசுகிற புரோக்கர்தான். “அண்ணே, நீங்களா?” என்று சிரித்தார். “இப்பெல்லாம் இப்புடி எழுதிப் போட்டாத்தேன் பார்ட்டி போன் பண்றாக. என்ன செய்யச் சொல்றீக?”

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். என் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் மதுரையில் பேங்க் வேலை பார்க்கிறார். சமீபத்தில் ஒரு மனை வாங்கி, புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. “தப்பா நினைக்காதீங்க மாமா. ஒரு இடத்தைக் கைகாட்டினதுக்கு ரெண்டு பர்சன்ட் எதுக்கு?” என்று கேட்டார். என் மகள் அடுப்படியிலிருந்து அவரை முறைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. தொழிலில் இருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்காத பார்ட்டியை நான் பார்த்ததில்லை. அதற்கு விடையாகத்தான் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முதலில் மில் தொழிலாளி. மில்லை மூடினார்கள். கையில் கிடைத்த சொச்சத்தை வைத்துச் செய்த பலசரக்குக் கடையும் ஓடவில்லை. பிறகுதான் தேவசகாயம் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தேன். தேனி கடைவீதியில் அவருக்கு இரும்புச் சாமான் கடை. கடையை அவர் மனைவி பார்த்துக்கொள்ள, அண்ணாச்சி இடம் வாங்கி விற்க ஆள் சேர்த்துவிடும் வேலையைப் பார்த்தார். சர்வே நம்பர் பார்ப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, பட்டாவில் இருக்கிற பெயரும் பத்திரத்தில் இருக்கிற பெயரும் ஒரே ஆள்தானா என்று விசாரிப்பது எல்லாம் அவர் பின்னால் மொபெட்டில் உட்கார்ந்துபோய் நான் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்ரோல் காசில் பாதியை என்னிடம் வாங்கிக்கொள்வார்.

எங்கள் தொழிலில் சம்பாதிக்க இரண்டு வழி. ஒன்று நேர்வழி. விலையில் வாங்குகிறவர் இரண்டு சதவீதம், விற்கிறவர் இரண்டு சதவீதம். வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை. இதில் நடுவில் வருகிற பங்காளிகள் அதிகம். இடம் விலைக்கு வருகிறது என்று முதலில் காதில் போட்டவர், பார்ட்டியை அழைத்து வந்தவர், வண்டியில் ஏற்றி வந்தவர் என்று எல்லோரும் பத்திரத்தன்று டீக்கடையில் சரியாக ஆஜராகிவிடுவார்கள். ஒரு தடவை நிலத்துக்காரருக்கு முடிவெட்டுகிறவர், தான் கத்தரி போடும்போதுதான் நிலத்தை விற்கும் யோசனையே அவருக்கு வந்தது என்று பங்கு கேட்டார். கொடுத்தோம்.

இன்னொரு வழிக்கு ‘மேல வைக்கிறது’ என்று பெயர். விற்கிறவர் ஒரு தொகையைச் சொல்லி, “இம்புட்டு எங் கையில வந்தாப் போதும். மேல என்ன வச்சாலும் உங்க சாமர்த்தியம்” என்பார். புரோக்கர் வாங்குகிறவரிடம் கூட்டிச் சொல்வார். வித்தியாசம் முழுவதும் புரோக்கருக்கு. இரண்டு சதவீதம் எந்த மூலைக்கு? இதில் சில சமயம் ஒரே வேலையில் வீடே கட்டலாம். ஆனால் பத்திரம் முடியும்வரை விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு வார்த்தை தனியாகப் பேசிவிடக் கூடாது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இரண்டு பார்ட்டியை இரண்டு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, நடுவில் நாலு புரோக்கர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றால் என்ன நடக்கிறது என்று எங்கள் ஊரில் எவருக்கும் தெரியும்.

அண்ணாச்சிக்கு இந்த இரண்டாவது வழி ஆகாது. ஞானஸ்நானம் பெற்ற நல்ல கிறிஸ்தவர் என்பதால் என்று பலர் நினைத்தார்கள். எனக்குத் தெரிந்து காரணம் வேறு. அவருக்கு யாரையும் கண்காணித்துக்கொண்டு நிற்கப் பிடிக்காது. “இவன் அவங்கூடப் பேசுறானா, அவன் இவங்கூடப் பேசுறானான்னு பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு நான் என்ன பரீச்சை வாத்தியாரா?” என்பார்.

அதற்குப் பதில் அவர் வைத்திருந்த முறை விசித்திரமானது. இடம் பார்க்க வரும்போதே விற்கிறவர், வாங்குகிறவர் இருவரையும் வரச்சொல்வார். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பின் முனையில் நின்றுகொள்வார். காலை உள்ளே வைக்க மாட்டார், யாரையும் வைக்கவும் விடமாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பதுபோல ஒரே குரலில் சொல்வார். “நீங்க ரெண்டு பர்சன்டு தருவீக. அவுகளும் ரெண்டு பர்சன்டு தருவாக. பத்திரத்தன்னைக்கு, ரெண்டு பேரு முன்னாடியும் கையில வாங்குவேன். வேற ஒண்ணும் கெடையாது. சம்மதம்னா உள்ள போவோம். இல்லைன்னா இங்கன இருந்தே திரும்பிருவோம்.” சிலர் முகம் சுளிப்பார்கள். கல்யாண வீட்டில் மொய்யைப் பற்றிப் பேசுவதுபோல அவர்களுக்குக் கூச்சம். பாதிப் பேர் திரும்பியும் போயிருக்கிறார்கள். அப்படித் திரும்பியவர்களில் சிலர் வேறு புரோக்கரிடம் இதைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். அது தெரிந்தாலும் அண்ணாச்சி கவலைப்பட மாட்டார். நான்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருப்பேன்.

பிறகு அவருக்கு முட்டி தேய்ந்து கடையோடு இருந்துவிட்டார். நான் தனியாகத் தொழில் செய்தேன். அவருடைய முறையைத்தான் வைத்திருந்தேன் என்று சொல்வேன். அதை ஒருவர் வந்து சோதித்தார். அவர் பெயர் சுருளிவேல்.

கம்பத்துக்குத் தெற்கே, லோயர் கேம்ப் போகிற சாலையை ஒட்டி அவருக்கு நிலம். பாகம் பிரித்த நிலம். ரோட்டை ஒட்டிய முன்பாதி சுருளிவேலுக்கு, அதற்குப் பின்னால் உள்ள பாதி அவருடைய அண்ணன் பொம்மையனுக்கு. பொம்மையன் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். தண்ணீர் பொதுக்கிணற்றிலிருந்து. அந்தக் கிணறு தம்பி நிலத்தின் நடுவில் இருக்கிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி நடக்கிற ஒரு தவறு உண்டு. பாகம் பிரிக்கும்போது கிணற்றில் ஆளுக்குப் பாதி என்று மறக்காமல் எழுதுவார்கள். மோட்டார் எத்தனை நாளைக்கு ஒருமுறை யாருக்கு என்பதுகூட எழுதுவார்கள். கிணற்றுக்கு எந்த வழியாகப் போவது, பைப் எந்த வழியாகப் போவது என்று எழுத மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் வழி எதற்கு என்று தகப்பனார் நினைத்துவிடுவார். இவர்கள் தகப்பனாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர் இறந்தபிறகு, சுருளிவேல் மகள் சடங்கில் யாரை முன்னால் நிறுத்தினார்கள் என்பதில் தொடங்கிய மனத்தாங்கல் முற்றி, அண்ணனும் தம்பியும் முகத்தைப் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் மோட்டார் முறை தவறியதில்லை. அவர் நாளில் அவர் போடுவார், இவர் நாளில் இவர்.

சுருளிவேல் என்னிடம் வந்தபோது, மகள் திருப்பூரில் விலைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாள், அவளோடு போய் இருக்கப்போகிறோம் என்றார். கையில் வர வேண்டிய தொகையைச் சொன்னார். “மேல என்ன வேணா வச்சுக்கங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு. எங்கண்ணனுக்கு மட்டும் வேணாம்.”

அதே வாரத்தில் லேஅவுட் போடுகிற ஒரு வெளியூர்ப் பார்ட்டி எனக்குப் போன் செய்தது. மலை மேல் குமுளி பக்கத்து ஆட்கள் கீழே வந்து மனை வாங்குகிறார்கள், ரோட்டோர நிலமாக வேண்டும் என்றார் அவர்களுடைய மேனேஜர். அவர் சொன்ன விலை, சுருளிவேல் கேட்டதைவிட நல்ல அளவு அதிகம். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வித்தியாசத்தை மனக்கணக்குப் போட்டபோது, என் வாழ்க்கையில் சேர்த்துவைத்த அத்தனையையும் அது தாண்டியிருந்தது.

மறுநாள் பொம்மையன் என் வீட்டு வாசலில் நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. “தம்பி, அந்த நெலம் ப்ளாட்டாப் போச்சுன்னா கெணத்த மூடிருவாக. எம் பந்தலுக்கு ஒரு வாரம் தண்ணி இல்லைன்னாக் கொடி காஞ்சு போகும். கெணத்துல பாதி எனக்குன்னு பத்திரம் இருக்கு. அதுக்கு நான் என்ன, பறந்தா போகமுடியும்? நான் வாங்கிக்கிறேன். எம் பேர்ல வேணாம். எம் மச்சினன் குமுளியில இருக்கான், அவம் பேர்ல பேசி முடிச்சுக் குடுங்க. உங்களுக்கு ரெண்டு மடங்கு கமிசன்.”

ஆக, என் முன்னால் இரண்டு பேரம். இரண்டிலும் எனக்கு லாபம். இரண்டிலும் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் வாங்க வேண்டும். நான் தேனிக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஆணி எடை போட்டுக்கொண்டே கேட்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

“ப்ளாட்டு வாங்குனவன் வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டயில அந்தப் பொம்மையன் ஸ்டே வாங்குவான். ப்ளாட்டுக்காரன் ஒன் வீட்டு வாசல்லதேன் வந்து நிப்பான். மச்சினன் பேர்ல வாங்குனா, தம்பிக்காரன் தெரிஞ்ச அன்னைக்கு அருவாளோட வந்து நிப்பான். எப்புடியும் ஒன் வாசல்தேன்” என்றார். “மூணு பேரையும் வரப்புக்குக் கூட்டியா.”

“கூட்டியாந்தா எனக்கு என்ன அண்ணாச்சி மிஞ்சும்?”

“ரெண்டு பர்சன்டு” என்றார்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் பொம்மையனிடம், தம்பி கேட்கும் விலையைச் சொல்லி, மச்சினன் பேரில் பேசமாட்டேன், நேரில் வருவதானால் வாருங்கள் என்றேன். சுருளிவேலிடம், வாங்க இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் உங்கள் அண்ணன் என்று சொன்னேன். “வரட்டும். இல்லைன்னு அவுக மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்” என்றார்.

ஒரு காலை நேரம் நால்வரும் வரப்பில் நின்றோம். அண்ணாச்சி சொல்கிற வார்த்தைகளை நான் அப்படியே சொன்னேன். மேனேஜர் இளவயதுக்காரர், வாட்ச்சைப் பார்த்துவிட்டு, “சரிங்க சார், எங்க ரேட் இதுதான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் என் வித்தியாசம் முழுவதும் போயிற்று. சுருளிவேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். தான் கேட்டதைவிட இவ்வளவு கூடுதலா என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்த பேச்சைப் போல நான் எங்கும் கேட்டதில்லை. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அண்ணனும் தம்பியும். இருவரும் என்னிடமே பேசினார்கள்.

“கெணத்துக்கு நான் எங்கிட்டுப் போறதுன்னு அவங்கிட்டக் கேளுங்க தம்பி.”

“அவுக என்ன வெலை தருவாகன்னு கேளுங்கண்ணே.”

“மொதல்ல அவன் உங்ககிட்டக் கேட்டானே, அந்த வெலைதேன் என்னால ஏலும். அதையும் ரெண்டு அறுப்பு முடிஞ்ச பெறகுதேன் தரமுடியும்.”

“திருப்பூர்ல வீடு விக்கிறவன் அறுப்பு முடியிற மட்டும் வீட்டப் பூட்டி வச்சுருப்பானான்னு கேளுங்க.”

நான் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இதற்குள் மேனேஜர் கிணற்றடிக்குப் போய், கைப்பிடிச் சுவரை ஷூவால் தட்டிப் பார்த்தார். “இது பழைய கிணறுதானே சார்? ஒரு நாள் ஜேசிபி விட்டா மூடிடலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வேலை அது.

சுருளிவேல் கிணற்றைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி அண்ணனுடைய பந்தலைப் பார்த்தார். காய் பிடித்து, கொத்துகள் இறங்கியிருந்த நேரம். அவரும் முன்பு திராட்சை போட்டவர்தான். மருந்துச் செலவு கட்டுப்படியாகாமல் விட்டவர். அந்தக் கொத்துக்கு இன்னும் எத்தனை தண்ணீர் வேண்டும் என்று அங்கு நின்ற எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். பொம்மையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

“அண்ணே” என்று சுருளிவேல் என்னைக் கூப்பிட்டார். “கெணத்தையும், ரோட்டுல இருந்து கெணறு வழியாப் பின்னாடி வரைக்கும் ஒரு பாதையையும் விட்டுட்டு எழுதுனா வெலை எம்புட்டு கொறையும்னு அந்தத் தம்பியக் கேளுங்க.”

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். ஒரு வரிசை மனை அடிபடும். போனில் மேலிடத்தில் பேசினார், திரும்பி வந்தார், மறுபடி பேசினார். கடைசியில் அவர் சொன்ன விலை, சுருளிவேல் என்னிடம் முதலில் கேட்டாரே, ஏறக்குறைய அதே விலைதான்.

“சரி” என்றார் சுருளிவேல். “நான் கேட்டது இம்புட்டுத்தேன். அதுக்கு மேல உள்ளது பாதைக்குப் போயிருச்சு.”

எனக்குப் போகவேண்டிய காசு பாதைக்குப் போயிற்று என்று நான் மனதுக்குள் திருத்திக்கொண்டேன். பொம்மையன் தன் பந்தலுக்குள் போய்விட்டார். மேனேஜர் காரில் ஏறும்போது, இந்தப் பாதை உங்களால் வந்த நஷ்டம், எங்கள் பக்கத்துக் கமிஷனை எதிர்பார்க்காதீர்கள் என்றார். வரப்பில் சம்மதித்தீர்களே என்றேன். அப்போது பாதை இல்லையே சார் என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

சுருளிவேல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “பாதை கேட்டது நான். அவுக பக்கத்தையும் சேத்து நானே தர்றேன்” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, “எங்கண்ணங்கிட்ட எதுவும் கேட்டுறாதீக. நான் குடுக்குறதையும் சொல்லாதீக” என்றார்.

பத்திரத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸில் நல்ல கூட்டம். முகூர்த்த நாள். டோக்கன் வாங்கிவிட்டு வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். பொம்மையன் வருவார் என்று நான் நினைக்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தம்பி இருந்த பக்கம் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, நான் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. ஆனாப் பாதை எனக்கு. எனக்கு எத்தன பர்சன்டு?”

பாதைக்கு என்ன சதவீதம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. “உங்க தம்பி ரெண்டு பக்கத்தையும் சேத்துக் குடுக்குறாக. உங்ககிட்ட வாங்கக்கூடாதுன்னாக. சொல்லவும் கூடாதுன்னாக” என்றேன்.

“பெறகு ஏன் சொல்றீக?”

“ஒருத்தரு குடுக்குறது இன்னொருத்தருக்குத் தெரியாம நான் வாங்குறதில்ல.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு திரும்பி நேராகத் தம்பியிடம் போனார்.

“ஏலே, எம் பாதைக்கு நீ எதுக்குடா கமிசன் குடுக்குற?”

இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை என் கமிஷனைப் பற்றியது. சுருளிவேல் முதலில் என்னைப் பார்த்து, “சொல்லாதீகன்னு சொன்னேன்லண்ணே?” என்று கத்தினார். அப்புறம் எழுந்தார். “அய்யா எழுதாம விட்டத நான் எழுதிருக்கேன். அதுக்கு ஒங்கிட்டக் காசு வாங்கச் சொல்றயா?” சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது உள்ளேயிருந்து எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

புரோக்கர் ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போடுவது வழக்கம். பத்திரம் எழுதுகிறவர் என் பெயரைத்தான் டைப் அடித்து வைத்திருந்தார். நான் பேனாவை எடுக்கப் போனேன். “தள்ளுங்க தம்பி. நான் போடுறேன்” என்றார் பொம்மையன். பத்திரம் எழுதுகிறவர் சலித்துக்கொண்டார், கடைசித் தாளை மறுபடி அடிக்க வேண்டும் என்றார். “அடிங்க” என்றார் சுருளிவேல்.

புதுத்தாள் வந்தது. சாட்சியின் இடத்தைக் காலியாக விட்டு, கையால் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். சுருளிவேல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைக்காமல் அண்ணன் கையில் கொடுத்தார். பொம்மையன் தன் பெயரை மெதுவாக எழுதினார். அதற்குக் கீழே தகப்பனார் பெயர் எழுதவேண்டிய இடம். அவர் எழுத ஆரம்பித்ததும் சுருளிவேல் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

“அய்யா பேருக்கு முன்னாடி லேட்டுன்னு போடணும்ணே” என்றார்.

பொம்மையன் போட்டார்.